கனகா ஆய்வுக்கூடத்தின் முதல் குழாய்

வாக்குமூலம் அளிப்பவர் பெயர்: ஷாமளா த/பெ சிறீகாந்தன். வயது: 61. தொழில்: முன்பு கனகா இரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர், இப்போது வீட்டில் இருக்கிறார். முகவரி: தாமான் செரோஜா, தெப்ராவ், ஜொகூர் பாரு. பேசிய மொழி: தமிழ். பதிவு செய்தவர்: இன்ஸ்பெக்டர் மதிவாணன். பொருள்: பெக்கான் நானாஸைச் சேர்ந்த வசந்தன் என்பவர், தம் தாயார் பேச்சியம்மாளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் தவறாகத் தரப்பட்டதாகக் கொடுத்த புகார்.

மேற்கண்ட ஷாமளா ஆகிய நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகவே இங்கு வந்து கூறுவது: மேற்படி நிறுவனத்தைத் தொடங்கிய கிருபானந்தன் த/பெ கந்தப்பு என் கணவர். கணவர் தனிமையில் சொன்னதைச் சொல்லும்படி ஒரு மனைவியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் சொன்னதில் சிலவற்றையும் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன்.

என் கணவர் அரசாங்க மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலையை விட்டார். அவர் குடும்பத்தில் எல்லாரும் பென்ஷன் வாங்கியவர்கள், ஆகையால் இவர் வேலையை விட்டதற்கு மாமனார் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு, பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த லெட்சுமணன் த/பெ அய்யாவு என்பவருடன் சேர்ந்து, தெப்ராவில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்து, மாமியார் கனகம்மாவின் பெயரை வைத்து நிறுவனத்தைத் தொடங்கினார். என் கணவர் மிஷினைப் பார்த்துக்கொண்டார், நான் பதிவையும் அறிக்கைகளையும் பார்த்துக்கொண்டேன், லெட்சுமணன் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்தார்.

உண்மையில் நிறுவனத்தை வளர்த்தவர் லெட்சுமணன்தான். பொந்தியான் பக்கத்துக் கம்பங்கள் என்ற சிற்றூர்களிலும் கோயில் மண்டபங்களிலும் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். ஊசியைக் கண்டால் ஓடுகிறவர்களைக்கூடப் பேச்சுக் கொடுத்தே உட்கார வைத்துவிடுவார். என் கணவருக்கு அந்தக் கலை கிடையாது. அவர் நோயாளியிடம் பேசினால் அந்த ஆளுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று நானே பல முறை அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

மிஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் ஒரு சோதனை செய்வார்கள். அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை முதலில் மிஷினில் விட வேண்டும். தெரிந்த அளவையே மிஷினும் காட்டினால் அதன் பிறகு நோயாளிகளின் இரத்தத்தை விடலாம். அந்தத் திரவத்தைக் கண்ட்ரோல் என்பார்கள். எங்களுக்கு அது சிங்கப்பூரிலிருந்து வரும். 1998-ல் மலேசிய ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தபோது அதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கடையை மூடிவிடலாமா என்று நான் கேட்டேன். என் கணவர், "நம்ம ரத்தம் இருக்குதானே" என்றார்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் தினமும் காலையில் இரத்தம் கொடுத்தோம். என் அளவுகள் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். லெட்சுமணன் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் அந்த வாரம் முழுக்க அவர் இரத்தம் எதற்கும் உதவாது. என் கணவருடையது மட்டும் அசையவில்லை. சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற கிரியேட்டினின் என்ற அளவு அவருக்கு எங்கள் மிஷினில் எப்போது பார்த்தாலும் நார்மலான தொண்ணூறுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அவர் சாப்பாடு அப்படி. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு கரண்டி தயிர். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரமாவது சில நாள் தப்பும், இவர் தப்ப மாட்டார். ஆகையால் அவருடைய இரத்தமே எங்கள் கண்ட்ரோல் ஆனது.

நிலைமை சீரான பிறகு சிங்கப்பூர்க் கண்ட்ரோலை மறுபடியும் வாங்கினோம். ஆனாலும் அந்தப் பழக்கத்தை என் கணவர் விடவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார். அன்றைய முதல் குழாய் அவருடையதுதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அவர் கையில் குத்தித்தான் பழகினார்கள், நேர்முகத் தேர்வே அந்தக் கைதான். லெட்சுமணன் கோயில் மண்டபங்களில், "நம்ம பாஸ் ரத்தத்த வச்சு செக் பண்ணுற மிஷின்லா இது, பொய் சொல்லாது" என்று விளம்பரம் செய்வார். மக்கள் அதை நம்பினார்கள். நாங்களும் நம்பினோம். லெட்சுமணன் பிறகு முட்டிவலியால் விலகி, பொந்தியானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இந்தப் புகாரில் அவருக்குச் சம்பந்தம் எதுவும் இல்லை.

லோஷினி என்ற பெண் 2018-ல் எங்களிடம் சேர்ந்தார். ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா படித்தவர். வந்த முதல் வாரத்திலேயே, "அங்கிள், ஒரு ஆளோட ரத்தத்த கண்ட்ரோலா வைக்கக் கூடாதுன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க" என்றார். என் கணவருக்குக் கோபம் வரவில்லை. "நீ படிச்ச காலேஜ் திறக்கிறதுக்கு முன்னமே நான் இதச் செஞ்சிட்டு இருக்கேன்மா" என்று சிரித்தார். அப்போது உண்மையான கண்ட்ரோலும் கையில் இருந்ததால் யாருக்கும் பாதிப்பு இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூர்ப் பாலம் மூடப்பட்டது. சரக்கு லாரிகள் ஓடின என்றாலும் எங்களுடைய பழைய மிஷினுக்குரிய கண்ட்ரோல் கைவசம் இல்லை என்று சிங்கப்பூர் ஏஜெண்ட் சொல்லிவிட்டார். இருந்தது தீர்ந்துபோனது. வெளியிலிருந்து எங்கள் மிஷினைச் சரிபார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்தில் வரவில்லை. அதன் பிறகு என் கணவர் பழையபடி தம் இரத்தத்தை மட்டும் வைத்து மிஷினைப் பார்க்கத் தொடங்கினார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் நான் தேநீர் கொண்டுபோனபோது அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்து எண்களை மாற்றிக்கொண்டிருந்தார். லோஷினி அப்போது கீழே, வாசலில், காரில் வந்தவர்களுக்குக் கொரோனா பரிசோதனைக்காக மூக்கில் சளி எடுத்துக்கொண்டிருந்தார். தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மிஷினைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர் லோஷினி, ஆகையால் திரையில் அவர் பெயர்தான் இருந்தது. "என்ன செய்றீங்க?" என்று கேட்டேன். "மிஷின் கொஞ்சம் மேல போயிட்டுது. இழுத்து விடுறேன்" என்றார். அதாவது அவருடைய கிரியேட்டினின் தொண்ணூறுக்கு மேல் காட்டியது. தம் இரத்தம் மாறாது, ஆகையால் மிஷின்தான் மாறிவிட்டது என்று முடிவு செய்து, தொண்ணூறு காட்டும்வரை மிஷினின் கணக்கைக் குறைத்தார்.

நான் இதை ஒரு முறை மட்டும் பார்க்கவில்லை. அந்த வருடக் கடைசியிலும் அடுத்த வருடமும் பல முறை பார்த்தேன். பதிவு மேசைக்கும் மிஷின் அறைக்கும் நடுவில் கண்ணாடிதான். லோஷினி வாசலுக்கு இறங்கிப் போவதும், இவர் அந்த நாற்காலியில் உட்காருவதும் எனக்குத் தெரியும். லோஷினியின் பெயரில் செய்ய வேண்டும் என்று அவர் நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. மிஷின் யார் பெயரில் திறந்திருக்கிறது என்று பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை. எல்லாம் தம் மிஷின் என்ற நினைப்பு.

இன்ஸ்பெக்டர் கேட்டது: லோஷினி எப்போதாவது அந்தக் கணக்கை மாற்றியதைப் பார்த்தீர்களா? என் பதில்: இல்லை. மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னதைத்தான் கேட்டேன்.

அது 2021-ன் தொடக்கம். காலை இரத்தம் எடுத்து முடித்த பிறகு லோஷினி பஞ்சை அவர் கையில் வைத்து அழுத்திக்கொண்டே, "அங்கிள், வர்ற ஆளுங்க எல்லாருக்கும் கிரியேட்டினின் கம்மியாவே வருது. மிஷின் ஓக்கேன்னு நினைக்கிறேன். நீங்க ஒரு தடவ வெளிய போய் உங்க ரத்தத்த பாருங்களேன்" என்றார். என் கணவர், "ஒரு வருஷமா சனம் வீட்டுல குந்தி இருக்குது. நடை இல்ல, வேல இல்ல. உடம்புல சதை குறைஞ்சா கிரியேட்டினின் குறையத்தான் செய்யும்" என்றார். அது அறிவுக்குப் பொருந்துகிற பதில்தான். இரத்தம் தெரிந்த மனிதர் சொன்னால் யார் மறுப்பது? லோஷினி என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அந்த நாட்களில் அவருக்குக் கால் வீங்கியிருந்தது. நாள் முழுக்க நிற்கிறேன், அதனால்தான் என்று சொல்லியிருந்தார்.

பேச்சியம்மாள் என்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அன்னாசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லெட்சுமணன் சேர்த்துவிட்ட ஆள், அவர் விலகிய பிறகும் எங்களை விடவில்லை. முட்டிவலிக்கு ஒரு கிளினிக்கில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது என்பதால் அந்த டாக்டர் அவ்வப்போது எங்களிடம் இரத்தம் பார்த்து வரச் சொல்வார். நான் சொல்லும் இந்தக் காலத்தில் பேச்சியம்மாளுக்கு வந்த முடிவுகள் எல்லாம் நார்மல். அவற்றை அச்சடித்துக் கையில் கொடுத்தது நான். "கிட்னி நல்லா இருக்குக்கா" என்று சொன்னதும் நான்தான். அவரும் அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கு அன்னாசி கொண்டுவந்து கொடுத்தார். அந்த டாக்டரும் எங்கள் அறிக்கையை நம்பித்தான் மாத்திரையைத் தொடர்ந்தார். அவர்மேல் குற்றம் இல்லை.

2021 நடுவில் சிங்கப்பூரிலிருந்து கண்ட்ரோல் வந்து சேர்ந்தது. லோஷினி அதை மிஷினில் விட்டபோது மிஷின் பாதியளவுதான் காட்டியது. மறுபடியும் விட்டார், அதேதான். அன்று என் கணவர் வங்கிக்குப் போயிருந்தார். லோஷினி யாரிடமும் சொல்லாமல் அன்றைய முதல் குழாயில் மிச்சம் இருந்த என் கணவரின் இரத்தத்தை எடுத்துக்கொண்டு தம் மோட்டார் சைக்கிளில் இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் முடிவை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். "ஆன்ட்டி, கொஞ்சம் உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மிஷின் எந்தக் காலத்திலும் மேலே போகவில்லை, என் கணவரின் சிறுநீரகம்தான் கீழே போய்க்கொண்டிருந்தது என்று அன்று தெரிந்தது.

அந்தத் தாளை நான்தான் அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். அதன் பிறகு, "அப்ப மிஷின் சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார். தம் உடம்பைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, அவரை அறைய வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அவர் உள்ளே போய்த் தம் கையாலேயே மிஷினைப் பழைய கணக்குக்குக் கொண்டுவந்தார். அப்போதும் திரையில் லோஷினியின் பெயர்தான் இருந்தது.

அன்று மாலையே அந்தக் காலத்தில் வந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். அப்போது கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று எங்கள் கடையை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் பொறு. பேரு கெட்டுப் போகும்" என்றார். மாமியார் பெயரைத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அம்மா என்றால் அவ்வளவு பிரியம். ஆனாலும் நான் பொறுக்கவில்லை. எண்களை நான் தேடிக் கொடுத்தேன், லோஷினி தம் சொந்தப் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் கணவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போன நாட்கள் தவிர நான் பக்கத்திலேயே இருந்தேன். பெரும்பாலானவர்களுக்கு மறுபடி பார்த்ததில் ஒன்றும் இல்லை.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். லோஷினி, "ரிசல்ட் தப்பா வந்திருச்சு பாட்டி, மன்னிச்சிருங்க. அந்த மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். பேச்சியம்மாளின் குரல் எனக்கும் கேட்டது. "நீ ஏம்மா அழுவுற? வயசான உடம்பு, நான் போய்ப் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாளே போனார். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போயிருந்தன. இன்றுவரை டயாலிசிஸில் இருக்கிறார்.

அவருடைய மகன் வசந்தன் கொடுத்த புகாரில் லோஷினியின் பெயர் மட்டும் இருக்கிறது. வசந்தனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கடையிலிருந்து அவருடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் லோஷினி. மன்னிப்புக் கேட்டவர்தான் தப்புச் செய்தவர் என்று நினைப்பது இயல்புதான். அதன் பிறகு, எங்கள் கடையை வாங்கிய அந்தக் கோலாலம்பூர் நிறுவனம் மிஷினின் பதிவுகளை எடுத்துக் கொடுத்தது. அதிலும் லோஷினியின் பெயர்தான் வந்தது. அதன் பிறகு என் கணவரை விசாரித்தார்கள். மிஷினின் கணக்கை யார் மாற்றினார்கள் என்று தமக்குத் தெரியாது, பதிவில் உள்ளபடிதான் இருக்கும் என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

லோஷினிக்குச் சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. இந்த விசாரணை முடியும்வரை எடுத்துக்கொள்ள முடியாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பதிவில் இருப்பதே உண்மை என்று முடிவானால் இந்தத் தொழிலிலேயே அவர் இருக்க முடியாது. இப்போது ஒரு தொழிற்சாலையில் மாஸ்க் பெட்டி அடுக்குகிறார்.

போன வாரம் லோஷினியின் அம்மா தனலெட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார், கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. "சண்டைக்கு வரலங்க. எம் பொண்ணு அந்த மிஷின்ல கை வச்சிச்சா இல்லயான்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பாத்திருப்பீங்கள்ல" என்று என் கணவரிடம் கேட்டார். அவர் செய்தித்தாளை மடித்தார், மறுபடியும் விரித்தார். தனலெட்சுமி போகும்போது, "அங்கிள் ஒடம்பு எப்படி இருக்குன்னு பொண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிச்சு" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவரோடு வாழ்ந்ததற்காக நான் வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

என் கணவர் பொய்யர் அல்ல. நான் அறிந்தவரை வேறு எதிலும் அவர் பொய் சொன்னதில்லை. தம் உடம்பு தம்மை ஏமாற்றிவிட்டது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. தாம் மற்றவர்களைக் கெடுத்துவிட்டோம் என்பதை வாயால் சொல்ல முடியவில்லை. அவரை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பாவத்தை இன்னொருத்தி பெற்ற பிள்ளை சுமக்க முடியாது.

என் கணவரும் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார், இன்று அதற்குப் போகாத நாள். காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் போகிறேன், பார்த்ததைச் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "ஓம்" என்று தலையை ஆட்டினார். நான் காரை எடுத்தபோது சட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் கேட்டது: உங்கள் கணவர் தம் வாக்குமூலத்தை மாற்றுவதற்காக வந்திருக்கிறாரா? என் பதில்: தெரியாது. நான் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டு நீங்களே கேளுங்கள். அவர் சொல்வது நான் சொன்னதோடு ஒத்து வராவிட்டால், ஒத்து வருவதற்காக என்னுடையதில் எதையும் திருத்த வேண்டாம்.

இதுவரை கூறியவை நான் பார்த்ததும் கேட்டதும்தான். எழுதியதை இன்ஸ்பெக்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஷாமளா த/பெ சிறீகாந்தன்
என் முன்னிலையில்: இன்ஸ்பெக்டர் மதிவாணன்